பிளாக்பூல் ‘பிக் ஒன்’ கோஸ்டரின் உச்சிக்குப் படியேற வேண்டுமா? காசு கட்டும் முன் படியுங்கள்

இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் இருக்கும் பிளாக்பூல் பிளஷர் பீச் பூங்காவில், ‘தி பிக் ஒன்’ ரோலர் கோஸ்டரின் உச்சி வரைக்கும் உடம்பில் பாதுகாப்புப் பட்டை (ஹார்னஸ்) மாட்டிக்கொண்டு, பூங்கா ஆட்களோடு கால்நடையாகப் படியேறிப் போக டிக்கெட் விற்றிருக்கிறார்கள். ‘வாக் தி பிக் ஒன்’ என்று பெயர். ரயிலில் உட்கார்ந்து போகிற டிக்கெட்டைவிட விலை கூடுதல், அதனால் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியதும் கூடுதல். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் “மேலே போய் ஒரு போட்டோ எடுக்கலாம்” என்ற நினைப்பில்தான் போகிறார்கள். போட்டோவுக்காகப் போனால் இந்தக் காசு வீண், அதே ஊரில் இருக்கிற பிளாக்பூல் டவரில் 158 மீட்டர் உயரக் கோபுரத்தில் லிப்டில் ஏறி இதைவிட நல்ல காட்சியைப் பார்க்கலாம். இங்கே நீங்கள் காசு கொடுப்பது இயந்திரத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க, அதைப் பராமரிக்கிறவர்களிடம் நேரில் கேள்வி கேட்க. அந்த எண்ணத்தோடு தயாராகிப் போனால்தான் முழுப் பலன்.

முதலில் எதன் மேல் ஏறப் போகிறோம் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

பிக் ஒன் 1994இல் திறந்தது. அமெரிக்காவின் ஆரோ டைனமிக்ஸ் நிறுவனம் வடிவமைத்தது, அதன் முக்கிய வடிவமைப்பாளர் ரான் டூமர். கட்டமைப்பின் உயரம் 213 அடி, அதாவது 65 மீட்டர். பூங்கா விளம்பரத்தில் வருகிற 235 அடி கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது, ஆகவே இரண்டு எண்களையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். திறந்த காலத்தில் உலகின் மிக உயரமான கோஸ்டர் என்ற பெயர் அதற்கு இருந்தது. 1996இல் ஜப்பானின் ஃபுஜியாமா 79 மீட்டரில் வந்து அதைத் தாண்டியது. பிரிட்டனுக்குள் மட்டும் ரொம்ப காலம் அதுதான் உயரம், 2024இல் தார்ப் பார்க் என்ற இன்னொரு பூங்காவில் ஹைப்பீரியா கோஸ்டர் வந்த பிறகுதான் அந்தப் பட்டமும் போனது. தண்டவாளத்தின் நீளம் 5,497 அடி, கிட்டத்தட்ட 1.7 கிலோமீட்டர். பூங்காவில் ஏற்கெனவே இருந்த ராட்டினங்களுக்கும் கட்டடங்களுக்கும் மேலே, இடையிலே என்று இடம் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். தூண்கள் நிற்கிற விதத்தைக் கீழே நடந்து பார்த்தாலே அது புரியும்.

ஏறுகிற பகுதி, ரயிலைச் சங்கிலி இழுத்துக்கொண்டு போகும் அந்த நீண்ட சாய்வு ஏற்றம். அதன் ஓரத்தில் கைப்பிடியோடு படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளைச் சுற்றுலாவுக்காகக் கட்டவில்லை. பராமரிப்பு ஆட்கள் தினமும் ஏறிப் பார்ப்பதற்கும், ரயில் பாதியில் நின்றுவிட்டால் ஆட்களை இறக்கிக் கொண்டுவருவதற்கும் உள்ள வழி அது. 2021 ஜூலையில் ரயில் ஏற்றத்தில் நின்றுபோய், உள்ளே இருந்தவர்களை ஊழியர்கள் அந்தப் படிகள் வழியாகத்தான் நடத்தி இறக்கினார்கள். அந்தப் படங்கள் உலகச் செய்திகளில் வந்தன. அன்று அவர்கள் தயாராக இல்லாமல் இறங்கினார்கள், நீங்கள் தயாராகி ஏறப் போகிறீர்கள். பாதை ஒன்றுதான்.

முன்பதிவு செய்யும்போது

இந்த மாதிரி ஏற்றங்கள் எல்லா நாளும் கிடையாது. ரயில் ஓடுகிற நேரத்தில் வெளியாட்களை ஓரப் படியில் விட மாட்டார்கள், ஆகவே பூங்கா திறப்பதற்கு முன்போ மூடிய பிறகோதான் பொதுவாக நடக்கும். இடம் குறைவு, ஒரு குழுவில் சிலர்தான். விற்பனை சீசனுக்கு சீசன் மாறும், விலையும் மாறும். எனவே பழைய வீடியோவில் யாரோ சொன்ன விலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். பூங்காவின் அதிகாரப்பூர்வ முன்பதிவுப் பக்கத்தில் உங்கள் தேதிக்கு இடம் காட்டினால்தான் அது உண்மை. காட்டவில்லையா, பூங்காவுக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். இடைத்தரகர் தளங்களில் ‘அனுபவப் பரிசு வவுச்சர்’ என்று வருவதை வாங்குவதற்கு முன், அந்த வவுச்சரைக் கொண்டு தேதி பதிய முடிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வவுச்சர் கையில் இருந்து தேதி கிடைக்காமல் காலாவதி ஆனால், யாரிடம் போய்க் கேட்பது என்ற அலைச்சல்தான் மிச்சம்.

காசு கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் நான்கைந்து விஷயங்களை நிபந்தனைப் பக்கத்தில் தேடிப் படியுங்கள். பூங்கா நுழைவுச்சீட்டு இதில் அடங்குமா, தனியாக வாங்க வேண்டுமா என்பது முதல் கேள்வி, ஏனென்றால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இங்கேதான் கணக்கு இடிக்கும். வயது, உயரம், எடை வரம்பு அடுத்தது. எடை வரம்பு பாதுகாப்புப் பட்டையின் அளவைப் பொறுத்தது, அங்கே போய்க் கெஞ்சினாலும் ஒன்றும் நடக்காது. அதனால் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூன்றாவது, காற்று அடித்து ரத்தானால் காசு திரும்ப வருமா, வேறு தேதி மட்டும்தானா. பிளாக்பூல் ஐரிஷ் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர். காற்று அதிகமானால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள், ஆட்களை மேலே ஏற்றுவார்களா? ஆகவே ரத்து என்பதை நடக்கக்கூடிய விஷயமாகவே எடுத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் இந்த ஒரு டிக்கெட்டைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கவே கூடாது. முதல் நாளில் வைத்தால், தள்ளிப்போனாலும் இன்னொரு நாள் மிச்சம் இருக்கும்.

பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்து காசு திரும்பப் பெறலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொருள்களுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கு என்று பதிந்த பொழுதுபோக்குச் சேவைகளுக்கு 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் அந்த உரிமை இல்லை. உங்களுக்கு மனம் மாறினால் பூங்காவின் நிபந்தனை என்ன சொல்கிறதோ அதுதான் கதி.

எப்படிக் கட்டுவது என்பதும் முக்கியம். பிரிட்டனில் குடியிருக்கிறவர் என்றால் அங்கே வாங்கிய கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, ஒரு பொருளோ சேவையோ 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், விற்றவர் சொன்னபடி தராதபோது கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. கவனிக்க வேண்டியது, தனி டிக்கெட்டின் விலைதான் 100ஐத் தாண்ட வேண்டும், மூன்று பேர் டிக்கெட்டைக் கூட்டிச் சொல்ல முடியாது. டெபிட் கார்டில் இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை, கட்டிய காசைத் திருப்பி எடுத்துத் தரச் சொல்லி, சார்ஜ்பேக் என்று வங்கியிடம் கேட்கும் வழி மட்டும் உண்டு. இந்திய கார்டில் கட்டினால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பெரும்பாலான கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் சேரும். “ரூபாயில் கட்டவா, பவுண்டில் கட்டவா” என்று திரையில் கேட்டால் பவுண்டையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

அப்புறம், ஏறுகிற அன்றைக்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நிதானமாகப் படித்துவிட்டுப் போடுங்கள். உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள், அதை மறைப்பது உங்களுக்கே ஆபத்து. அதே நேரம், அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும், நிறுவனத்தின் கவனக்குறைவால் உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்டால் அதற்கான பொறுப்பை ஒரு பிரிட்டிஷ் வியாபாரி ஒப்பந்தம் போட்டு உதறிவிட முடியாது, 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் அதை நேராகவே தடுக்கிறது. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் உயரம் ஏறுவது விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பைத் தயார் செய்வது

65 மீட்டர் என்பது சுமார் 20 மாடி. லிப்ட் கிடையாது, நடுவில் உட்கார இடம் கிடையாது. தினமும் நடக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை, ஆனால் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குத் தொடை பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே வீட்டிலோ அலுவலகத்திலோ லிப்டை விட்டுவிட்டுப் படி ஏறுங்கள். ஏறுவதைப் போலவே இறங்குவதையும் பழகுங்கள், முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான். இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், வலிப்பு, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம், இவற்றில் எதுவும் இருந்தால் இந்த ஏற்றம் வேண்டாம்.

உயரப் பயம் வேறு. அது இருக்கிறவர்கள் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்றத்தின் படிகள் பெரும்பாலும் ஓட்டை ஓட்டையான இரும்பு ஜாலித் தகடுகள், கால் வைக்கிற இடத்தின் வழியே கீழே தரை தெரியும். அதுதான் பலரைக் கலங்கடிக்கிறது. அதற்கு முன்னேற்பாடாக ஏதாவது ஜாலிப் படிக்கட்டில் ஏறிப் பாருங்கள், தொழிற்சாலைகளிலும் சில பழைய கட்டடங்களின் தீ அவசர வெளியேறும் படிகளிலும் இருக்கும். ஏறும்போது கண்ணை ஜாலியின் இடைவெளி வழியே கீழே விடாமல், முன்னால் போகிறவரின் காலணி மீதோ அடுத்த படியின் விளிம்பு மீதோ வையுங்கள். கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற பழக்கம் பயப்படுகிற எல்லாருக்கும் உண்டு, அதைக் கவனித்து வெளியே விட்டாலே பாதிப் பயம் போகும். நடுவில் முடியவில்லை என்றால் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் இதை நிறையப் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று: மேலே நின்றால் கட்டமைப்பு லேசாக அசைவது போலத் தெரியும். பயப்பட வேண்டாம். எஃகுக் கட்டமைப்பு காற்றுக்கும் பாரத்துக்கும் வளைந்து கொடுக்கும்படிதான் கணக்குப் போட்டுக் கட்டப்படுகிறது.

என்ன போட்டுக்கொண்டு போவது

லேஸ் கட்டிய, அடிப்பகுதி வழுக்காத ஷூ. செருப்பு, சாண்டல், குதிகால் உயர்ந்த எதுவும் ஆகாது. ஜூன் மாதமாக இருந்தாலும் கடற்காற்று மேலே ஊசி குத்துகிற மாதிரி குளிரும், ஆகவே இரண்டு அடுக்கு உடையும் காற்று தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் வேண்டும். பாதுகாப்புப் பட்டை தொடையைச் சுற்றிப் பிடிக்கும் என்பதால் பேண்ட்தான் சரி. சல்வார் போட்டுக்கொண்டு போகிற பெண்கள் துப்பட்டாவைக் கீழேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலி, வளையல், தொங்கட்டான் எல்லாவற்றையும் முந்தின நாளே அறையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போவது நல்லது. தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் மேல் சட்டைக்குள் விட்டு, கழுத்து வரை ஜிப் போட்டு மூடிவிடலாம், ஆனால் அதற்கு அனுமதி உண்டா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். நீள முடியைப் பின்னிக் கட்டிச் சட்டைக்குள் விட்டுவிட வேண்டும். மூக்குக் கண்ணாடிக்குப் பின்பக்கம் பிடிக்கிற பட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில பவுண்டுகளில் கிடைக்கும்.

சட்டை, பேண்ட் பைகளில் ஒன்றும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, கைபேசி, லிப்ஸ்டிக், மிட்டாய் உறை வரைக்கும். இதில் பலருக்கு எரிச்சல் வரும், கைபேசியை எடுத்துக்கொண்டு போக விடுவதில்லையே என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற கைபேசி தரையைத் தொடும்போது, காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும். கீழே நடக்கிற ஆளின் தலையில் பட்டால் என்ன ஆகும்? சாவிக்கொத்து ஒன்று சங்கிலிப் பள்ளத்தில் விழுந்தால் காலையில் ரயிலை ஓட்டுவதற்கு முன் அதைத் தேடி எடுத்தாக வேண்டும். படம் வேண்டும் என்றால் அவர்கள் எடுத்துத் தருவார்களா, மார்பில் மாட்டும் கேமராவுக்கு அனுமதி உண்டா என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள்.

போய்ச் சேருவது

லண்டனிலிருந்து போகிறவர்களுக்கு யூஸ்டன் நிலையத்திலிருந்து பிரஸ்டனுக்கு வேக ரயில், இரண்டேகால் மணி நேரம் போல. பிரஸ்டனில் இறங்கி பிளாக்பூல் சவுத் போகிற சின்ன ரயிலில் ஏறினால் அது ‘பிளாக்பூல் பிளஷர் பீச்’ என்ற நிலையத்திலேயே நிற்கும், பூங்கா நடை தூரம். அந்தத் தடத்தில் ரயில்கள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும். பிளாக்பூல் நார்த் நிலையத்துக்கு ரயில்கள் அதிகம். அங்கிருந்து கடற்கரை டிராம் பிடித்து பிளஷர் பீச் நிறுத்தத்தில் இறங்கலாம். 2024 முதல் நார்த் நிலையத்துக்கே டிராம் தடம் வந்துவிட்டதால் இது சுலபம். பிளாக்பூல் டிராம் 1885இலிருந்து ஓடுகிறது, அதில் ஒருமுறை போவதே ஒரு சுகம்.

ஏற்றம் காலையில் என்றால் முந்தின இரவே பிளாக்பூலில் தங்கிவிடுங்கள். லண்டனிலிருந்து அன்று காலை கிளம்பி நேரத்துக்குப் போய்விடலாம் என்று ரயில் அட்டவணையை நம்புவது சூதாட்டம், தாமதமாக வந்தவர்களுக்காகக் குழு காத்திருக்காது. காலை உணவு லேசாக, ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், மேலே போன பிறகு வழி இல்லை.

என் கருத்தில் ஒரு முக்கியமான யோசனை: முடிந்தால் முந்தின நாளே பூங்காவுக்குப் போய் பிக் ஒன்னில் ஒரு தடவையாவது ரயிலில் போய்விடுங்கள். கண்ணை மூடாமல் போங்கள். ஏற்றத்தில் சடக் சடக் சடக் என்று வருகிற சத்தத்தைக் கேளுங்கள், உச்சியில் சங்கிலி விடுகிற அந்த ஒரு கணத்தைக் கவனியுங்கள். மறுநாள் அதே இடத்தில் நிற்கும்போது எதைப் பார்க்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் தடவையே படியேறப் போகிறவர்களுக்கு அது வெறும் இரும்பாகத்தான் தெரியும்.

மேலே ஏறும்போது எதைப் பார்ப்பது

கீழே முதலில் பட்டை மாட்டிவிடுவார்கள், ஹெல்மெட் கொடுப்பார்கள், விதிகளைச் சொல்வார்கள். தொடைப் பட்டை உள்ளங்கை நுழைகிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், அதைவிடத் தளர்வாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கொக்கி மாட்டும்போது ‘க்ளிக்’ என்று பூட்டு விழுகிற சத்தம் கேட்டதா என்று நீங்களும் காது கொடுங்கள். வழிகாட்டி பார்த்துக்கொள்வார் என்றாலும், அந்தப் பட்டையை நம்பி ஏறப் போவது நீங்கள்தான்.

ஏறத் தொடங்கியதும் எல்லாருக்கும் கண் கடல் பக்கம் போகும். கடல் எங்கேயும் போகாது, உச்சியில் பார்த்துக்கொள்ளலாம். ஏறுகிற நேரத்தைத் தண்டவாளத்துக்குக் கொடுங்கள்.

நடுவில் ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும் சங்கிலியைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் நல்ல தடிமன், மேலே கறுத்த கிரீஸ் மினுக்கும், வெயில் நாளில் அந்த எண்ணெய் வாசனை படிவரைக்கும் வரும். ரயிலின் அடியில் இருக்கிற கொக்கி இந்தச் சங்கிலியில் மாட்டிக்கொள்ள, சங்கிலி ரயிலை மேலே இழுக்கிறது. அதற்குப் பக்கத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு பட்டை ஏற்றம் முழுக்க ஓடும். ரயிலின் அடியில் இருக்கிற ஒரு நாக்கு அந்தப் பல்களின் மேல் வழுக்கி வழுக்கிப் போகிறது, நீங்கள் ரயிலில் கேட்ட சடக் சடக் சத்தம் அதுதான். சங்கிலியே அறுந்தாலும் ரயில் பின்னோக்கி உருளாமல் அந்த நாக்கு பல்லில் சிக்கி நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர், 1910 வாக்கில். அதே மில்லர் 1919இல் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைக்கிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். மேலே பாரம் தாங்குகிற சக்கரம், பக்கவாட்டில் வழிநடத்துகிற சக்கரம், அடியில் ரயில் எகிறிவிடாமல் பிடிக்கிற சக்கரம் என்று மூன்று பக்கமும் பிடித்திருப்பதால்தான் மேட்டில் உங்கள் உடம்பு இருக்கையை விட்டுக் கிளம்பினாலும் ரயில் தண்டவாளத்தை விட்டுக் கிளம்புவதில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த இரண்டு யோசனைகளும் பயன்பாட்டில் இருக்கின்றன என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான்.

தண்டவாளம் குழாய் வடிவத்தில் இருப்பதைக் கவனித்தீர்களா? அந்த முறையை ஆரோ நிறுவனம்தான் முதலில் கொண்டுவந்தது, 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் கோஸ்டருக்காக. அதற்கு முன்னால் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் தட்டையான இரும்புப் பட்டைதான். பிளஷர் பீச்சிலேயே அதையும் பார்க்கலாம்: 1923இன் பிக் டிப்பரும் 1935இன் கிராண்ட் நேஷனலும் இன்றும் இருக்கிற மரக் கோஸ்டர்கள். ஒரே பூங்காவுக்குள் இந்த இரண்டு தொழில்நுட்பமும் இருப்பதால், இறங்கிய பிறகு அவற்றின் தண்டவாளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

உப்புக் காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். வண்ணப் பூச்சு எங்கே உரிந்திருக்கிறது, எங்கே புதிதாகப் பூசியிருக்கிறார்கள், எந்த போல்ட்டின் மேல் அடையாளக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கோடு எதற்கு என்றால், போல்ட்டை முறுக்கி முடித்ததும் போல்ட்டின் மீதும் பக்கத்து இரும்பின் மீதும் சேர்த்து ஒரே கோடாக வண்ணம் இழுத்துவிடுவார்கள். நாளை யாராவது வந்து பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் போல்ட் சற்றுத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பேனரே தேவையில்லை, கண்ணாலேயே தெரிந்துவிடும்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவற்றை யோசித்துக்கொண்டு போங்கள். “பயமா இல்லையா?” என்று கேட்டால் சிரித்துவிட்டு ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். காலையில் முதல் ரயில் கிளம்புவதற்கு முன் என்னென்ன பார்ப்பீர்கள், எவ்வளவு காற்றில் நிறுத்துவீர்கள், காற்று அளக்கும் கருவி எங்கே இருக்கிறது, குளிர்காலத்தில் ரயில்களைப் பிரித்துப் போட்டு அச்சுகளில் விரிசல் சோதிப்பது எப்படி, ஒரே தண்டவாளத்தில் இரண்டு மூன்று ரயில் ஓடும்போது ஒன்றோடொன்று மோதாமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு ரயில்தான் என்று கணினி காவல் காப்பது. முன்னால் இருக்கிற பகுதி காலியாகாவிட்டால் பின்னால் வருகிற ரயிலைப் பிரேக்கோ சங்கிலியோ பிடித்து நிறுத்திவிடும். ‘பாதியில் நின்ற ரயில்’ என்று செய்தி வருவதில் பல, இந்தக் காவல் தன் வேலையைச் சரியாகச் செய்ததால் வருபவை. பிரிட்டனில் ராட்டினங்களுக்கு அடிப்ஸ் என்ற ஆய்வுத் திட்டம் இருக்கிறது, சுயேச்சையான ஆய்வாளர்கள் வருடாவருடம் பார்த்துச் சான்று கொடுப்பார்கள். அதைப் பற்றியும் கேளுங்கள். கேள்வி கேட்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால் அவர்கள் பேச்சே மாறிவிடும், கேட்காத விஷயத்தையும் விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

உச்சிக்கு வந்த பிறகு தாராளமாகக் கடலைப் பாருங்கள். கீழே நீளமாகக் கடற்கரை, வடக்கே டவர், தெளிவான நாளில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் தெரியும். அப்படியே திரும்பி முதல் இறக்கத்தையும் பாருங்கள். இந்த இடத்துக்குப் பிறகு ரயிலை இழுக்கச் சங்கிலி கிடையாது, ரயிலுக்கென்று எஞ்சினும் கிடையாது. இங்கே சேர்த்த உயரத்தைச் செலவு செய்துதான் மீதி முழுத் தடத்தையும் ஓட வேண்டும். 62 மீட்டர் போல விழுந்து மணிக்கு 119 கிலோமீட்டர் வரைக்கும் போகிறது. பின்னால் வருகிற மேடுகள் எல்லாம் ஏன் முதல் ஏற்றத்தைவிடக் குறைந்த உயரத்தில் இருக்கின்றன என்று மேலிருந்து பார்த்தால் பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கும்.

இறங்கும்போது

அவசரப்படாதீர்கள். களைத்த கால், “ஏறி முடித்துவிட்டோம்” என்ற நிம்மதி, இரண்டும் சேர்கிற நேரம் அது. ஒவ்வொரு படிக்கும் முழுப் பாதத்தையும் வையுங்கள். கால் நடுங்கினால் இரண்டு மூச்சு நின்று விட்டு இறங்குங்கள். பட்டையைக் கழற்றிய பிறகு ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டதை அப்போதே எழுதிவிடுங்கள், சாயங்காலத்துக்குள் பாதி மறந்துவிடும்.

தேதி கிடைக்கவில்லை அல்லது இவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. லண்டனில் ஓ2 அரங்கின் கூரை மேல் பட்டை மாட்டிக்கொண்டு நடக்கும் ஏற்றம் 2012இல் தொடங்கியது, 52 மீட்டர். கோஸ்டர் இயந்திரம் அங்கே இல்லை, ஆனால் பட்டையும் உயரமும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று சோதிக்க நல்ல இடம். ஜப்பான் போகிறவர்கள் ஃபுஜி கியூ ஹைலேண்டில் ஃபுஜியாமா கோஸ்டரை ஒட்டி 2021இல் திறந்த 55 மீட்டர் கோபுரத்தைப் பார்க்கலாம், கோஸ்டர் தண்டவாளம் கண்ணெதிரே போகும், கைப்பிடி இல்லாமல் விளிம்பில் நடக்கிற ஏற்பாடும் உண்டு. ஜெர்மனியின் டூய்ஸ்பர்க்கில் ‘டைகர் அண்ட் டர்ட்டில்’ என்ற சிற்பம் இருக்கிறது. கோஸ்டர் வடிவிலேயே செய்த படிக்கட்டு, ரயில் கிடையாது, 2011இல் திறந்தது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. தலைகீழாகச் சுற்றுகிற வளையத்தை மட்டும் அடைத்து வைத்திருப்பார்கள், மற்ற படிகளில் ஏறலாம். பனி உறைந்தாலோ புயல் அடித்தாலோ மூடிவிடுவார்கள், ஆகவே கிளம்பும் முன் வானிலையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.